நெட் வராதபோது விண்டோஸ் தரும் கருவிகள்: எதை நம்பலாம், எதைத் தொடாமல் இருக்கலாம்

நெட் போய்விட்டால் போனில் தேடி ஏதாவது ஒரு "நெட்வொர்க் ஃபிக்ஸர்" மென்பொருளை இறக்கி, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தேவையே இல்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் கருவிகளே ஒரு வீட்டு இணைப்பின் பெரும்பாலான கோளாறுகளைக் கண்டுபிடிக்கப் போதும். டிரபுள்ஷூட்டர், மூலையில் தெரியும் அந்த இணைய ஐகான், பிங், ஐபிகான்ஃபிக், டிரேசர்ட், வைஃபை ரிப்போர்ட், நெட்வொர்க் ரீசெட் என்று எல்லாமே காசில்லாமல் உள்ளேயே கிடக்கின்றன. என் வீட்டிலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் பல வருடமாக இவற்றை வைத்துத்தான் பார்த்து வருகிறேன், அந்தப் பழக்கத்தில் எழுதும் மதிப்புரை இது.

நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: கோளாறு எந்த இடத்தில் என்று இந்தக் கருவி சொல்கிறதா? இடங்கள் மொத்தம் நான்கு. கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கலாம், கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள வைஃபையிலோ கேபிளிலோ இருக்கலாம், ரவுட்டரைத் தாண்டி வெளியே போகும் லைனில் இருக்கலாம், இல்லையென்றால் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் இருக்கலாம். எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் மீதி வேலை சுலபம். தெரியாமலே தற்செயலாகச் சரியாகிவிட்டால் அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும், அப்போதும் நாம் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் சரிசெய்துவிட்டு வாயே திறக்காத கருவியைவிட, சரிசெய்யாவிட்டாலும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும் கருவிக்குத்தான் என் மதிப்பெண் அதிகம்.

முதலில் டிரபுள்ஷூட்டர். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இணைப்பின் மேல் வலது கிளிக் செய்தால் "ரிப்பேர்" என்று ஒன்று இருக்கும். ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் எண்ணைப் புதுப்பித்து, டிஎன்எஸ் நினைவைக் காலி செய்துவிட்டு முடித்துக்கொள்ளும். விஸ்டாவில் அது காரணம் தேடிச் சொல்லும் கருவியாக மாறியது, 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது டிரபுள்ஷூட்டர் என்ற பெயரில் எல்லோருக்கும் பழகிப்போனது. விண்டோஸ் 10-ல் செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள்ளும், விண்டோஸ் 11-ல் சிஸ்டம் பகுதிக்குள்ளும் இருக்கும். இதற்கு அடியில் ஓடிய பழைய எம்எஸ்டிடி தளத்தைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்து, விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளில் இந்த வேலையைக் கெட் ஹெல்ப் என்ற ஆப்புக்கு மாற்றி வருகிறது, அதனால் உங்கள் திரையில் வேறு மாதிரி தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

இது நன்றாகச் செய்யும் வேலைகள் உண்டு. அடாப்டர், அதாவது கம்ப்யூட்டரை வைஃபையிலோ கேபிளிலோ இணைக்கும் பாகம், முடக்கப்பட்டிருந்தால் கண்டுபிடித்துவிடும். கேபிள் கழன்றிருந்தால் சொல்லும். ஐபி முகவரி சரியாகக் கிடைக்கவில்லை என்றால், ரவுட்டர் பதில் சொல்லவில்லை என்றால், டிஎன்எஸ் சர்வர் பேசவில்லை என்றால் அதையும் சொல்லும். அதன் கையில் இருக்கும் முக்கியமான மருந்து அடாப்டரை அணைத்துத் திரும்பப் போடுவது, அந்த ஒன்றிலேயே கணிசமான கோளாறுகள் தீர்ந்துவிடும். ஆனால் விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இது உதவாது. நீங்கள் ஓடவிடும் அந்த நிமிடத்தில் இணைப்பு சரியாக இருந்தால் "கோளாறு எதுவும் தெரியவில்லை" என்று முடித்துவிடும், பத்து நிமிடத்தில் திரும்பப் போகும். வேகம் குறைவது பற்றியும் இதற்கு ஒன்றும் தெரியாது. பழைய வடிவம் உங்களிடம் இருந்தால் ஒன்று செய்யுங்கள்: கடைசித் திரையில் சிறிய எழுத்தில் "வியூ டீடெயில்ட் இன்ஃபர்மேஷன்" என்று ஒரு இணைப்பு இருக்கும், பெரும்பாலும் யாரும் அதைத் தொடுவதில்லை, உள்ளே என்னென்ன சோதித்தது, எதில் தோற்றது என்று வரிசையாக இருக்கும். கருவியின் உண்மையான பயன் அந்தப் பக்கத்தில்தான். முதல் முயற்சிக்கு டிரபுள்ஷூட்டர் போதும். ஒருமுறை ஓடவிட்டுத் தீரவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்ப ஓடவிடாதீர்கள்.

அடுத்து மூலையில் இருக்கும் ஐகான். இதை ஒரு கருவி என்றே யாரும் நினைப்பதில்லை, ஆனால் வீட்டில் எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான். "கனெக்டட், நோ இன்டர்நெட்" என்று அது சொன்னால் பதறிவிடுகிறோம். அது எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்தால் பதற்றம் குறையும். விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பிலிருந்து, இணைப்பு கிடைத்ததும் விண்டோஸ் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சோதனை முகவரிக்குப் போய் ஒரு சின்ன எழுத்துக் கோப்பைக் கேட்கும். அதில் "மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்" என்ற சொற்கள் மட்டும் இருக்கும். அந்தக் கோப்பு அப்படியே வந்தால் நெட் இருக்கிறது, வராவிட்டால் இல்லை, அவ்வளவுதான். ஆகவே அந்த ஒரு முகவரியை மட்டும் ஏதாவது தடுத்தால், அதாவது விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகப் பூட்டி அனுப்பும் மென்பொருள்), ப்ராக்ஸி (நடுவில் நின்று தளங்களை எடுத்துத் தரும் சர்வர்), விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ், கடுமையான ஃபயர்வால் இவற்றில் ஒன்று குறுக்கே நின்றால், தளங்கள் எல்லாம் திறந்தாலும் ஐகான் மட்டும் நெட் இல்லை என்று அடம்பிடிக்கும். ஐகானைப் பார்த்து ரவுட்டரை ரீசெட் செய்யும் முன் பிரவுசரில் நாலு தளத்தைத் திறந்து பாருங்கள். ஐகான் ஒரு தகவல், தீர்ப்பு இல்லை.

இப்போது இந்த மதிப்புரையின் நாயகர்கள் இருவர்: ஐபிகான்ஃபிக் (ipconfig), பிங் (ping). ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி (cmd) என்று அடித்தால் திறக்கும் கறுப்புத் திரையில் இயங்குபவை. கறுப்புத் திரை என்றாலே ஒதுங்கிவிடுபவர்களுக்குச் சொல்கிறேன், இந்த இரண்டும் எதையும் அழிக்காது, எதையும் மாற்றாது, பார்த்துச் சொல்வது மட்டும்தான் வேலை. ஐபிகான்ஃபிக்கில் சில கூடுதல் சொற்களைச் சேர்த்தால் மாற்றவும் செய்யும், ஆனால் வெறுமனே அடித்தால் பயமில்லை.

ஐபிகான்ஃபிக் என்று அடித்து என்டர் தட்டினால் வரிசையாக அடாப்டர்கள் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது நீங்கள் பயன்படுத்தும் வைஃபை அல்லது ஈதர்நெட் அடாப்டரில் இரண்டு வரி: ஐபிவி4 முகவரி, டிஃபால்ட் கேட்வே (வீட்டில் இது ரவுட்டரின் முகவரி). அடாப்டருக்கு நேராக "மீடியா டிஸ்கனெக்டட்" என்று இருந்தால் கேபிளோ வைஃபையோ ஒட்டவே இல்லை, மேலே போக வேண்டாம், அதைப் பாருங்கள். முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கி, கேட்வேயிலும் ஒரு எண் இருந்தால் ரவுட்டர் உங்களுக்கு முகவரி கொடுத்திருக்கிறது என்று பொருள். 169.254 என்று தொடங்கினால் கவனியுங்கள். ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் வராததால் கம்ப்யூட்டர் தானே தனக்கு ஒரு முகவரி வைத்துக்கொண்டது என்று அதற்குப் பொருள், அந்த முகவரியோடு வெளி இணையத்துக்குப் போக முடியாது. இந்த ஆறு இலக்கம் தெரிந்துவிட்டால் லைன் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம், கோளாறு உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான். ஐபிகான்ஃபிக் /ரிலீஸ் (ipconfig /release), அப்புறம் ஐபிகான்ஃபிக் /ரினியூ (ipconfig /renew) அடித்துப் பாருங்கள், வரவில்லை என்றால் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், அதிலும் வராவிட்டால் கேபிளை மாற்றுங்கள். வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டரோ போனோ அதே ரவுட்டரில் நன்றாக ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், ஓடினால் சந்தேகம் உங்கள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பும்.

பிங். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல், நீர்மூழ்கியின் சோனார் ஒலியிலிருந்து பெயர் வந்தது. 40 வருடம் தாண்டியும் இதைவிட நேர்மையான கருவியை நான் பார்க்கவில்லை. ஒரு முகவரிக்குச் சின்னப் பொட்டலம் அனுப்பி, அது திரும்பி வருகிறதா, எத்தனை மில்லிசெகண்டில் வருகிறது என்று சொல்லும். விண்டோஸில் நாலு பொட்டலம் அனுப்பி நின்றுவிடும், பின்னால் -டி (-t) சேர்த்தால் நீங்கள் கண்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தும்வரை போய்க்கொண்டே இருக்கும்.

இதை உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் பயன்படுத்த வேண்டும், அப்போதுதான் பயன். முதலில் ஐபிகான்ஃபிக்கில் பார்த்த கேட்வே முகவரிக்குப் பிங். பதில் வந்தால் ரவுட்டர் வரை வழி சரி. அப்புறம் வெளியே ஒரு எண்ணுக்கு, 8.8.8.8 என்ற கூகுளின் டிஎன்எஸ் முகவரியோ 1.1.1.1 என்ற கிளவுட்ஃப்ளேரின் முகவரியோ நினைவில் வைக்கச் சுலபம். அதற்கும் பதில் வந்தால் லைன் சரி. கடைசியாக ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு மட்டும் "குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்" என்று வந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில், வேறு எங்கும் தேட வேண்டாம். இப்படி மூன்று பிங்கில் நான்கு இடங்களில் எது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். எந்த டிரபுள்ஷூட்டரும் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

பிங்கின் பதிலைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்றால் போனது திரும்பவில்லை. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்றால் போகவே வழியில்லை. இந்த இரண்டாவது செய்தி பெரும்பாலும் "ரிப்ளை ஃப்ரம்" என்று தொடங்கி உங்கள் கம்ப்யூட்டரின் சொந்த முகவரியைக் காட்டும், கீழே கணக்கில் 0 சதவீத இழப்பு என்றும் போடும், ஏனென்றால் அந்த மறுப்பையும் விண்டோஸ் ஒரு பதிலாக எண்ணிக்கொள்கிறது. கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு வரியையும் படியுங்கள். இன்னொன்று, சில சர்வர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை என்று முடிவெடுத்து வைத்திருக்கும், ஒரு தளம் மட்டும் பதில் சொல்லவில்லை என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

விட்டு விட்டு வரும் கோளாறுக்கு பிங்தான் அருமருந்து. இரண்டு கறுப்புத் திரை திறந்து, ஒன்றில் கேட்வேக்கும் மற்றதில் 8.8.8.8-க்கும் -டி போட்டு ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். வீடியோ காலில் குரல் உடைகிற அந்த நொடியில் இரண்டையும் பாருங்கள். கேபிளில் இருந்தால் கேட்வேயின் பதில் சாதாரணமாக 1 மில்லிசெகண்டுக்குள் வரும், வைஃபையில் சில மில்லிசெகண்ட். அது திடீரென்று நூற்றுக்கணக்கில் தாவினால் குற்றவாளி வைஃபை. கேட்வே அமைதியாக இருந்து வெளி முகவரி மட்டும் தாவினால் ரவுட்டருக்கு வெளியே உள்ள லைன், அல்லது வீட்டில் யாரோ பெரிய கோப்பை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அப்லோடை நிறுத்திவிட்டுப் பாருங்கள், எண் உடனே இறங்கினால் லைனில் பழுது இல்லை, நெரிசல்தான்.

டிஎன்எஸ் கோளாறு என்று தெரிந்தால் முதலில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் (ipconfig /flushdns). பழைய, தப்பான பதில்களை மறக்கச் செய்யும், வேறு எந்தச் சேதமும் இல்லை. தீரவில்லை என்றால் அடாப்டர் செட்டிங்ஸில் டிஎன்எஸ் முகவரியைக் கையால் மாற்றலாம்: 2009-ல் வந்த கூகுளின் 8.8.8.8, 2018-ல் வந்த 1.1.1.1, தீய தளங்களைத் தடுக்கும் குவாட்9-ன் 9.9.9.9 என்று பொதுச் சேவைகள் இருக்கின்றன. டிஎன்எஸ் மாற்றினால் நெட் வேகம் இரண்டு மடங்காகும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். தளம் திறக்கத் தொடங்கும் அந்த முதல் கணம் கொஞ்சம் குறையலாம், டவுன்லோட் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அலுவலக விபிஎன் பயன்படுத்துபவர்கள் மாற்றும் முன் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது, உள் முகவரிகள் வெளி டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது.

டிரேசர்ட் (tracert) பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த எண்ணம் இல்லை. கருவி நல்ல கருவிதான், ஆனால் அதைத் தப்பாகப் படிப்பவர்கள்தான் அதிகம். போகும் வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டருக்கும் மூன்று முறை கேட்டு நேரத்தைக் காட்டும், அதிகபட்சம் 30 படிகள். நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் அங்கே உடைந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புகார் கொடுக்கிறார்கள். நடுவழி ரவுட்டர் பதில் சொல்ல விரும்பாமல் இருந்தாலும் நட்சத்திரம்தான் வரும்; அதற்கு அடுத்த படிகள் ஒழுங்காக வந்தால் அங்கே எந்தக் கோளாறும் இல்லை. நட்சத்திரம் தொடங்கிக் கடைசிவரை நட்சத்திரமாகவே போனால் மட்டும் யோசியுங்கள். வீட்டில் பார்ப்பவருக்கு முதல் இரண்டு மூன்று படிகள் போதும், அதைத்தான் பிங்கிலேயே பார்த்துவிட்டோமே. பாத்பிங் (pathping) என்று இன்னொன்று இருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் 25 விநாடி எடுத்து இழப்பைக் கணக்கிடும், பொறுமை இருந்தால் டிரேசர்ட்டைவிட அது மேல்.

யாருக்கும் தெரியாமல் கிடக்கும் தங்கம் ஒன்று உண்டு: வைஃபை ரிப்போர்ட். சிஎம்டியை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து நெட்ஷ், விலான், ஷோ, விலான்ரிப்போர்ட் (netsh wlan show wlanreport) என்ற நான்கையும் இடைவெளி விட்டு அடித்தால், கடந்த மூன்று நாளில் உங்கள் கம்ப்யூட்டர் எப்போது வைஃபையில் சேர்ந்தது, எப்போது விலகியது, ஏன் விலகியது என்று ஒரு பக்கத்தை உருவாக்கித் தரும், பிரவுசரில் திறந்து பார்க்கலாம். மேலே ஒரு வரைபடம், கீழே ஒவ்வொரு துண்டிப்புக்கும் விண்டோஸ் பதிந்துவைத்த காரணம், நடுவில் டிரைவரின், அதாவது அடாப்டரை இயக்கும் மென்பொருளின், பெயரும் தேதியும். விலகல் எல்லாம் கம்ப்யூட்டர் தூங்கி எழும் நேரத்தோடு பொருந்தினால் டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற பெட்டியின் டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். நாள் முழுக்கச் சிதறலாக இருந்தால் சிக்னலையோ டிரைவரையோ பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் ஒரே சேனலில் நெருக்கும், ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், சுவர்கள் பல தாண்டிப் போக வேண்டுமானால் 2.4-தான் எட்டும்.

இவ்வளவு நல்ல கருவியை செட்டிங்ஸில் ஒரு பட்டனாக வைக்காமல் கட்டளைக்குள் ஒளித்து வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதற்குப் பதில் பட்டனாக வெளியே வைத்திருப்பது எது தெரியுமா, நெட்வொர்க் ரீசெட். விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பில் வந்தது. எல்லா அடாப்டர்களையும் நீக்கி, ரீஸ்டார்ட் ஆனதும் புதிதாகப் போடும், சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போகும், விபிஎன் மென்பொருளைத் திரும்ப அமைக்க வேண்டியிருக்கும். வேலை செய்யும், மறுக்கவில்லை, ஆனால் என்ன கோளாறு இருந்தது என்ற தடயத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். மற்ற எல்லாம் செய்து பார்த்தபின் கடைசியாகச் செய்ய வேண்டியது. அதற்கு முன்படியாக நெட்ஷ் விண்சாக் ரீசெட் (netsh winsock reset) என்ற கட்டளையைப் போட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், ஆன்டிவைரஸையோ விபிஎன்னையோ அரைகுறையாக நீக்கியபின் வரும் கோளாறுகளுக்கு அதுவே பல நேரம் போதும். அதே சமயத்தில் செட்டிங்ஸில் ப்ராக்ஸி பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள், நீக்கிய மென்பொருள் விட்டுப்போன ப்ராக்ஸி முகவரி அங்கே ஆன் நிலையில் கிடந்தால் பிங் எல்லாம் நன்றாகப் போகும், பிரவுசரில் மட்டும் ஒன்றும் திறக்காது.

எந்தக் கருவியும் சொல்லாதவையும் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தால் பிங் சரியாக இருக்கும், ஆனால் பிரவுசர் எல்லாத் தளத்துக்கும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும், தேதியைத் திருத்தினால் தீர்ந்தது. இன்னொன்று கேபிள். 1 ஜிபி வேகத்துக்கு கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100 எம்பிக்கு இரண்டு ஜோடி போதும். மீதி இரண்டில் ஒரு ஜோடி உள்ளே அறுந்தால் இணைப்பு பெரும்பாலும் அறுபடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். வேகச் சோதனையில் எப்போதும் 90 சொச்சத்திலேயே நிற்கிறது என்றால் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீட் என்ன என்று பாருங்கள், 1000-க்குப் பதில் 100 என்று இருந்தால், ரவுட்டரும் ஜிகாபிட் போர்ட் உள்ளதுதான் என்றால், முதலில் கேபிளை மாற்றுங்கள்.

வெளியிலிருந்து இறக்கும் ஃபிக்ஸர்கள், டிரைவர் அப்டேட்டர்கள் பற்றிச் சுருக்கமாக: வேண்டாம். டிரைவர் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் அல்லது மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை ஐகானைத் தொட்டால் வரும் மெனுவில் வயர்லெஸ் டயக்னாஸ்டிக்ஸ் இருக்கும், லினக்ஸில் எம்டிஆர் ஒன்றே பிங்கையும் டிரேசர்ட்டையும் சேர்த்துச் செய்துவிடும்.

கடைசியாக, ரவுட்டரை அணைத்துப் போடும் பழக்கம். அதை நான் எதிர்க்கவில்லை, புது முகவரி வாங்கி, நிரம்பிப்போன நினைவைக் காலி செய்துகொண்டு எழுந்திருப்பதால் அது உண்மையிலேயே பலன் தரும் வைத்தியம். அணைக்கும் முன் ஒரு நிமிடம் மட்டும் கொடுங்கள். ஐபிகான்ஃபிக் ஒன்று, பிங் மூன்று, ரவுட்டரில் எந்த விளக்கு எரிகிறது என்று போனில் ஒரு படம். அப்புறம் லைன் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட வேண்டி வந்தால் "நெட் வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள், "கேட்வேக்குப் பிங் போகிறது, கேபிளில் நேராக இணைத்துப் பார்த்துவிட்டேன், 8.8.8.8-க்குப் பத்தில் நாலு பொட்டலம் திரும்பவில்லை, இத்தனை மணியிலிருந்து" என்று சொல்லுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தீர்களா என்று தொடங்கும் கேள்விப் பட்டியலைத் தாண்டி, லைனைப் பார்க்க ஆள் அனுப்புவதைப் பற்றி நேராகப் பேச முடியும்.